தூரத்துப் படமும் கிட்டத்துப் படமும்

பதுளைக் கடைவீதியில் ஸஹாப்தீனுடைய படக்கடைக்குள் போனவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரமாவது கல்லாக இருந்துவிட்டுத்தான் வெளியே வந்திருப்பார்கள். கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி, கோட்டும் தலைப்பாகையுமாக வந்த கங்காணியானாலும் சரி, கண்ணாடிக் கூரைக்குக் கீழே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் "அசையாதீங்க" என்று ஓர் அதட்டல் விழும். அதற்குப் பிறகு இமைகூட ஆடக்கூடாது. ஆடினால் முகம் புகையாகக் கலங்கிவிடும். கண்ணாடித் தட்டும் வீண், மருந்தும் வீண். அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே ஸஹாப்தீன் ஊரில் பேர் எடுத்திருந்தார்.

அப்படிப்பட்டவரைத்தான், ரயில் பதுளைவரை வந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்த ஓர் ஆடி மாதத்தில், கரடிமேட்டுத் தோட்டத்துப் பெரிய துரை ஆளனுப்பிக் கூப்பிட்டார். தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறிப் போக வேண்டிய தோட்டம் அது. துரை வேலையை விட்டுவிட்டு அடுத்த தைக்குச் சீமைக்கே போகப்போகிறார். போகும்போது தோட்டத்தையும் கையோடு கொண்டுபோக அவருக்கு ஆசை. அதற்காக ஒரு சின்னச் சினிமாப் பெட்டியை வரவழைத்திருந்தார். முக்காலியில் ஏற்றி, பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சுருள் ஓடும். எதிரே ஆடுவதும் ஓடுவதும் அப்படியே அதில் இறங்கும். ஆனால் பழைய மலைக்காய்ச்சல் துரையின் கையில் ஒரு நடுக்கத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. தானே சுற்றிப் பார்க்கிறேன் என்று மூடியை வெயிலில் திறந்து ஒரு சுருளைப் பாழாக்கியும் விட்டார். மீதி இருந்தவை இரண்டே சுருள். படம் பிடிக்கிற தொழில் தெரிந்த ஆள் நீதான், இதையும் நீயே பிடித்துக் கொடு என்று பெட்டியையும் அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் ஸஹாப்தீனிடம் ஒப்படைத்து, வீட்டில் வைத்துப் பழகிக்கொண்டு வரச் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கையில் வாங்கியபோது அதன் கனம் அவரைச் சொல்ல விடவில்லை.

ஸஹாப்தீனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் எழுத்துக்கூட்ட வரும். புத்தகத்தில் பாதி புரிந்தது, மீதியைப் படங்கள் சொல்லின. லோங் ஷொட் என்றால் தூரத்துப் படம்: இடம், மலை, வானம், மனிதர்கள் சின்னச் சின்னதாக. மிட் ஷொட் என்றால் இடுப்பு வரைக்கும். குளோஸ் அப் என்றால் கிட்டத்துப் படம். ஒரு முகம் அல்லது ஒரு கை மட்டும், வேறொன்றும் கிடையாது. பெட்டியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்லத் திருப்புவதற்கு ஒரு பேர். அண்ணாந்து பார்ப்பதுபோல் கீழிருந்து மேலே உயர்த்துவதற்கு இன்னொரு பேர். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் தூரத்துப் படம், பிறகு இடுப்புவரை, கடைசியில் கிட்டத்துப் படம் என்று படியிறங்குவதுபோல் இறங்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே தூரத்தில் ஒரே நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றவர் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

கைப்பிடியை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் ஆட்கள் ஊர்வார்கள், குறைந்தால் குதிப்பார்கள். சுருளை வீணாக்காமல் பழக வேறு வழியில்லாமல் மனைவி லரீபாவின் தையல் மிஷினைச் சுற்றிப் பழகினார். ஊசி உடைந்தது. பிறகு ஓர் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்தார். குசினி வாசலில் நின்றால் லரீபா முழுசாகத் தெரிந்தாள். ரெண்டு எட்டு வைத்தால் இடுப்புவரை. இன்னும் கிட்டப் போனால் மீன் அரிகிற கை மட்டும்.

"என்னத்துக்கு என்ன இந்த ஓட்டைக்குள்ளால பாக்கிறீங்க?" என்று லரீபா கத்தியைக் கீழே வைத்தாள். "கால வெட்டி, தலைய வெட்டி... மனுசர முழுசாப் பாக்க ஏலாதா உங்களுக்கு?"

முழுசாகப் பார்த்தால் ஒன்றையும் பார்க்க முடியாது என்று அவர் விளக்கத் தொடங்கினார். அவள் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

குறித்த நாளில் ஸஹாப்தீன் கரடிமேட்டுக்குப் போனார். அன்றைக்கு அரைநாள் வேலைதான், எல்லோரும் நல்ல உடுப்போடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். தலைக்கங்காணி வீரய்யா அந்த உத்தரவை ஒன்றுக்கு இரண்டாக நிறைவேற்றி வைத்திருந்தார். ஆட்களை உயரப்படி மூன்று வரிசையாக நிறுத்தி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைக்காரிகள் ஓரத்தில் என்று பிரித்து, நடுவில் ஒரு நாற்காலி போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டார். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒருவரும் முந்தானையைக்கூடப் பிடிக்கவில்லை.

தூரத்துப் படத்தில் தொடங்க வேண்டும் என்பது ஸஹாப்தீனுக்கு நினைவிருந்தது. முக்காலியைக் களத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் நட்டார். மலைச்சரிவு, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகள், மூன்று வரிசை ஆட்கள் எல்லாம் பெட்டியின் சின்ன ஓட்டைக்குள் அழகாக அடங்கின. கைப்பிடியைப் பிடித்தார். வாய் தானாகத் திறந்தது.

"அசையாதீங்க!"

ஒருவரும் அசையவில்லை. அவர் சுற்றினார், மனதுக்குள் எண்ணிக்கொண்டு, கையையே பார்த்துக்கொண்டு சுற்றினார். தையல் மிஷினில் வராத சீர் அன்றைக்குக் கையில் வந்தது. சுற்றி முடித்து நிமிர்ந்து, சிலைபோல் நிற்கிற அந்த ஜனத்தைப் பார்த்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. ஓடுகிற படத்தில் இத்தனை பேரைக் கல்லாக்கி வைத்துச் சுருளில் பெரிய துண்டைத் தின்றாகிவிட்டது. இதற்குச் சினிமாப் பெட்டி எதற்கு? கடையில் இருக்கும் பழைய பெட்டி போதாதா? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீரய்யாவின் மேல் பாய்ந்தார். "படம் நல்லாத்தானே விழுந்திருக்கும், ஒருத்தரும் ஆடலியே" என்றார் வீரய்யா.

நடங்கள் என்று ஸஹாப்தீன் ஆட்களிடம் சொன்னார். எல்லோரும் பெட்டியை நோக்கி நடந்து வந்து, பெட்டிக்கு முன்னால் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெட்டியைப் பார்க்காதீர்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டார்கள். எப்போதும் செய்கிறதைச் செய்யுங்கள் என்று கெஞ்சினார். எப்போதும் செய்கிறதை நல்ல சேலையோடு எப்படிச் செய்வது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

அதற்குள் துரை வந்து சேர்ந்தார். பங்களாவில் தொடங்கி, பூந்தோட்டம், குதிரை லாயம், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை, ஆறு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் காட்ட வேண்டும் என்றார். மெல்லத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும் என்று புத்தகத்தில் இருந்ததை ஸஹாப்தீன் சொன்னார். துரை முதுகுக்குப் பின்னால் நின்று, சீக்கிரம், இன்னும் சீக்கிரம் என்று தோளில் தட்டிக்கொண்டே இருந்தார். பெட்டி பங்களாவிலிருந்து ஆற்றுக்குத் துணி உதறுவதுபோல் திரும்பியது. முதல் சுருள் அங்கே முடிந்தது.

இரண்டாவது சுருளில் துரை தன்னையே எடுக்கச் சொன்னார். ஸஹாப்தீன் இடுப்புவரைக்கும் வரும்படி கிட்டப் போனார். தன் பூட்ஸ் படத்தில் வருமா என்று துரை கேட்டார். வராது என்றதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பாதி மனிதனாகச் சீமைக்குப் போக நான் என்ன யுத்தத்தில் காலை விட்டவனா, முழுசாக எடு என்று உத்தரவு. ஸஹாப்தீன் பின்னால் போனார். துரையின் நாய்கள் வர வேண்டும் என்று இன்னும் பின்னால் போனார். கடைசியில் துரையின் முகம் ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு ஓட்டைக்குள் தெரிந்தது. அதைத்தான் எடுத்தார்.

படிப்படியாக இறங்க வேண்டும் என்று படித்ததெல்லாம் அவருக்குள் புளித்துப்போய்க் கிடந்தது. ஒரு கிட்டத்துப் படம், ஒரே ஒரு கிட்டத்துப் படம் எடுக்காமல் இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

பின்னேரம் துரை தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேல்மலைக்கு ஏறினார். சில பெண்கள் அங்கே அவருக்காகக் கொழுந்து எடுப்பதுபோல் நின்றார்கள். அவர்களில் பெரியாயி என்று ஒருத்தி. பெரட்டுக் களத்தில் வரிசையின் ஓரத்தில் நின்றவள். இடுப்பில் அவளுடைய மகன் முத்திருளன் இருந்தான். இன்னும் வருஷம் திரும்பாத பிள்ளை. சீத்தைச் சட்டையும் கன்னத்தில் மைப்பொட்டுமாக அவனைச் சோடித்திருந்தாள். சரிந்த வெயில் மலை விளிம்பைத் தாண்டி வந்து அவளுடைய ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்தது. மறுபக்கம் நிழல். அப்படி ஒரு வெளிச்சம் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அவருக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

லரீபாவின் அளவுநாடாவால் தூரத்தை அளந்து பெட்டியை நட்டார். ஓட்டைக்குள் பெரியாயியின் முகம் மட்டும் வந்தது. ஆனால் பிள்ளை சும்மா இருக்கவில்லை. அவன் கை மேலே மேலே வந்து அவள் நாடியைப் பிடித்தது, மூக்குத்தியை இழுத்தது, அந்த வெளிச்சத்தை மறைத்தது. ஸஹாப்தீனுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்தில் நின்ற ராக்காயியைக் கூப்பிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"அவன எடுக்கலீங்களா, நானா?" என்று பெரியாயி, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் அவரை அழைத்துக் கேட்டாள். "அவனுக்காகத்தான் இம்புட்டும்."

"அவன பொறகு தனியா எடுக்கிறேன். நீங்க அந்தச் செடியப் பாருங்க."

அவள் செடியைப் பார்த்தாள். அவர் சுற்றினார். அன்றைக்கு முழுவதும் நடந்ததில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு மனசு நிறைந்திருந்தது. அவளை மறந்தார், பிள்ளையை மறந்தார். கன்னத்து வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சுற்றினார். காலையில் எடுத்த கொழுந்தை நிறுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சத்தம் போட்டதும் பெரியாயி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஸஹாப்தீன் பெட்டியை ராக்காயியின் பக்கம் திருப்பிப் பிள்ளையின் முகத்துக்குச் சரிபார்த்தார். கைப்பிடி இலகுவாகச் சுற்றியது, வெறுமனே. சுருள் முடிந்திருந்தது.

சுருள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போயின. அங்கேதான் கழுவ வேண்டும். கச்சான் நின்று, ஐப்பசி மழை பிடித்து, மண்சரிவில் ரயில் ஒருமுறை நின்று, மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஸஹாப்தீன் தன் கடையில் மாப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். மனசுக்குள் அந்தக் கிட்டத்துப் படத்தை மட்டும் அடிக்கடி ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியாயி கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னபோதும் படியிலேயே நின்றாள். இடுப்பில் பிள்ளை இல்லாததை அவர் உடனே கவனிக்கவில்லை.

"படம் வந்திருச்சுங்களா, நானா?"

"இன்னம் வரல்ல. சீமையால வரணும். ஏன்?"

"புள்ள போயிட்டான்." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மழையில காச்ச கண்டுச்சு. ரெண்டு நாளுகூடத் தாங்கல. அதுல இருக்கான்ல, அதான் ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பொறகு எடுக்கிறேன்னு சொன்னீங்களே, எடுத்தீங்கல்ல?"

இல்லை என்று சொல்ல ஸஹாப்தீன் வாயைத் திறந்தார். படம் வரட்டும், பார்ப்போம் என்று ஏதோ சொன்னார். வந்ததும் சொல்லியனுப்புகிறேன் என்றார். அவள் தலையாட்டிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போனாள். அன்றைக்கு வந்த ஒரு பெரிய குடும்பத்தைப் படம் எடுக்கும்போது தட்டைச் செருக மறந்து, எடுத்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு ஆளனுப்பித் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. பெரியாயி வந்து போனதை லரீபாவிடம் சொன்னபோது அவள் தையலைத் தொடர்ந்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்கழியில் சுருள்கள் வந்தன. பங்களாவில் நண்பர்களுக்கு விருந்து வைத்துப் படத்தைக் காட்டத் துரை நாள் குறித்தார். படம் காட்டுகிற பெட்டிக்கும் கைப்பிடிதான். ஸ்டோரில் தண்ணீரால் ஓடிய மிஷினிலிருந்து பங்களாவுக்கு வந்த மின்சாரத்தில் அதன் விளக்கு எரியும். நடுங்குகிற கையால் அதையும் சுற்ற முடியாது. ஆகையால் ஸஹாப்தீனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வருகிறேன், ஆனால் தோட்டத்து ஆட்களும் பார்க்க வேண்டும் என்று ஸஹாப்தீன் சொன்னார். துரையிடம் இதற்கு முன்னால் அவர் இப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. விருந்தாளிகளோடு கூலியாட்களா என்று துரை முகத்தைச் சுளித்தார். பேசிப் பேசிக் கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்: சாலை என்கிற உள்கூடத்துக்கும் விறாந்தைக்கும் நடுவிலுள்ள பெரிய வாசலில் வெள்ளைத் துணி கட்டப்படும். விருந்தாளிகள் சாலைக்குள்ளே இருந்து பார்ப்பார்கள். மற்றவர்கள் வெளியே விறாந்தையில் நின்று துணியின் பின்பக்கத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

இருட்டு விழுந்ததும் தொடங்கினார்கள். ஸஹாப்தீன் உள்ளே, பெட்டியோடு. துணிக்கு அப்பால் ஈரக் கம்பளிகளின் வாடையும் மூச்சுச் சத்தமும் மட்டும் அவருக்குக் கிடைத்தன. பெரியாயி வந்திருக்கிறாள் என்பது தெரியும். வாசலில் அவளைப் பார்த்திருந்தார்.

முதலில் பெரட்டுக் களம் வந்தது. மூன்று வரிசைக் கற்சிலைகள். விருந்தாளிகள் சிரித்தார்கள். இது சினிமாவா, சாதாரணப் படமா என்று ஒருவர் கேட்டார். சீக்கிரம் ஓடி முடியட்டும் என்று ஸஹாப்தீன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே துணியைப் பார்த்தவர், அப்போதுதான் அதைக் கண்டார். அத்தனை பேரும் கல்லாக நிற்கிற இடத்தில், வரிசையின் இடது கோடியில், ஓர் எள்ளளவு ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கை, மேலே போகிறது, கீழே வருகிறது. அசையாதே என்று சொன்னது அந்த வயசுக்கு எட்டியிருக்காது.

துணிக்குப் பின்னால் சலசலப்புக் கேட்டது. ஸ்டோர் இந்தப் பக்கம் இருக்கிறதே, கங்காணி கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாரே என்று ஆட்கள் குழம்பிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் இடம்வலமாக மாறித் தெரியும் என்பதை ஸஹாப்தீன் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. பெரியாயி தான் நின்ற பக்கத்தையே பார்த்துத் தேடியிருப்பாள். அங்கே வேறு யாரோ நின்றிருப்பார்கள். அவர் இதை நினைத்து முடிப்பதற்குள் பங்களாவும் ஆறும் துணியில் சுழன்றடித்தன. பிறகு நாய்கள், பூட்ஸ், மொச்சைக்கொட்டை முகம்.

கடைசியாகப் பெரியாயியின் முகம் வந்தது. துணி நிறைய வந்தது. கன்னத்து வெளிச்சம் அவர் நினைத்து வைத்திருந்ததைவிட நன்றாக விழுந்திருந்தது. இது எதற்கு, யார் இவள் என்று துரை எரிச்சலோடு கேட்டார். ஆனால் ஒரு விருந்தாளி, இதுதான் முழுதிலும் நல்ல துண்டு என்றார். ஆடி மாதத்திலிருந்து கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்டபோது ஸஹாப்தீனுக்குக் கைப்பிடியைப் பிய்த்து எறிய வேண்டும்போல் இருந்தது. பிள்ளையை வாங்கச் சொல்லாமல், முகத்துக்குக் கீழே ஓர் அங்குலம் ஓட்டையை இறக்கியிருந்தால் போதும்.

வெளிச்சம் போட்டதும் விறாந்தைக்கு ஓடினார். பெரியாயி துணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எம் மூஞ்சி மட்டுந்தான் வந்துச்சு" என்றாள். "அவன் எங்க, நானா?"

முதல் படத்தில் இருக்கிறான், இந்தப் பக்கக் கோடியில் பாருங்கள் என்று துணியில் இடத்தைத் தொட்டுக் காட்டினார். உள்ளே போய்த் துரையிடம் இன்னொரு தரம் ஓட்ட வேண்டும் என்றார். சாப்பாடு ஆறிப்போகிறது என்றார் துரை. ஸஹாப்தீன் சுருளைத் திருப்பிச் சுற்றத் தொடங்கிவிட்டார். துரை விருந்தாளிகளை மட்டும் சாப்பாட்டு அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

மறுபடியும் பெரட்டுக் களம் வந்தது. அந்தச் சின்னக் கை மேலே போனது, கீழே வந்தது.

"தா, இருக்கான்" என்று பெரியாயியின் குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "கிட்ட காட்டுங்க, நானா."

ஸஹாப்தீன் சுற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விளக்குச் சூட்டில் சுருள் கருகிவிடும்.

"ஏலாதும்மா" என்றார். "தூரத்தில எடுத்தது. தூரத்திலதான் இருக்கும்."

"கொஞ்சம் கிட்ட."

அவர் பெட்டியை மேசையோடு பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். படம் பெரிதானது, துணியைத் தாண்டிச் சுவரிலும் விழுந்தது. எள்ளு ஒரு மங்கலான மிளகு ஆனதே தவிர முகம் ஆகவில்லை. துண்டு முடிந்து வெள்ளை வெளிச்சம் வந்தது. மூன்றாம் தரம் ஓட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவர் துணியை விலக்கிப் பார்த்தபோது விறாந்தையில் வீரய்யா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தரும்படி மறுநாள் துரையிடம் கேட்டுப் பார்த்தார். இருப்பது ஒரே பிரதி, அதை வெட்டுவதா என்று துரை மறுத்துவிட்டார். ஆனால் பெட்டி கட்டும் நாள்வரை சுருளை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஸஹாப்தீன் அதைக் கடைக்குக் கொண்டுவந்து, இருட்டறையில் பெருப்பிக்கும் கருவியில் வைத்து, ஒரு கட்டத்தைத் தாளில் எடுத்தார். முதல் தாளில் மாவு கொட்டியதுபோல் வெறும் புள்ளிகள் வந்தன. மருந்தை மாற்றினார், நேரத்தைக் கூட்டினார், தாளை மாற்றினார். இரண்டாவதும் அப்படி, ஐந்தாவதும் அப்படி. குடும்பப் படங்களுக்காக வாங்கி வைத்திருந்த நல்ல தாள்கள் தீர்ந்தன. தூரத்தில் எடுத்ததை எந்தக் கருவியும் கிட்டக் கொண்டுவரப் போவதில்லை என்பது முதல் தாளிலேயே அவருக்குத் தெரிந்ததுதான். எடுத்த தாள்களில் நன்றாக வந்த ஒன்றைக் காயவைத்தார். நன்றாக வந்தது என்றால், ஒரு பெண்ணின் உருவம்போல ஒன்றும், அதன் பக்கத்தில் ஒரு சாம்பல் திட்டும்.

துரை சுருளோடு கப்பலேறிவிட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியாயி வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். அவர் தாளைக் கொடுத்தார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்தாள். அவர் அதை நேராக்கிக் கொடுத்தார்.

"இதுல எது அவன்?"

பென்சில் முனையால் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க சொன்னாத்தான் தெரியுது" என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை. "அவுக அப்பன் அன்னிக்கு பங்களாவுக்கு வரல. வரமாட்டேன்னு லயத்துலயே படுத்துக்கிட்டாரு. இத அவருகிட்ட காட்டணும். அவருக்கு எப்புடித் தெரியும்? ஒரு வட்டம் போட்டுத் தாங்க, நானா."

ஸஹாப்தீன் படத்தின் மேல் பேனா வைத்ததே கிடையாது. யாராவது படத்தின் ஓரத்தில் பேர் எழுதித் தரச் சொன்னால்கூட, பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சண்டை போடுகிறவர். அன்றைக்குச் சிவப்பு மைக்கூட்டைத் திறந்தார். மை உறைந்திருந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கினார், நீர்த்துப் போனது. போட்ட வட்டம் ஒரு பக்கம் கசிந்து அந்தச் சாம்பல் திட்டின் மேலேயே ஓடியது. ஒற்றுத் தாளால் ஒற்றினார். இன்னும் பரவியது. வேறு ஒன்று எடுத்துத் தருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்று எழுந்தார். வேறு எடுக்கச் சுருள் இல்லை என்பது எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"இருக்கட்டும்" என்று பெரியாயி தாளை வாங்கிக்கொண்டாள். மை காயும்வரை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். உங்களையும் உங்கள் புருஷனையும் ஒரு படம் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம், அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் வாருங்கள் என்று ஸஹாப்தீன் சொன்னார். பார்ப்போம், மழையைப் பொறுத்து என்றாள் அவள். ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

அவள் போன பிறகு அவர் மைக்கூட்டைத் தூக்கிக் கொல்லைப் பக்கம் வீசினார். அது உடையாமல் வாழையடியில் போய்க் கிடந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு மாப்பிள்ளையும் அவனுடைய மாமாவும் வந்து வெகுநேரமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.